பதினொரு முறை சாகாத கேப்டன்

இந்த அறையின் மின்விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும் சார், அந்தக் கிறீச் சத்தம் நின்றுவிடும். எங்கள் ஒலிப்பதிவாளர் இங்கே இருந்தால் ஒரு வார்த்தைகூடப் பதிவு செய்ய விடமாட்டார். முதலில் விசிறியை நிறுத்து என்பார். உங்கள் செல்போனில் என் பேச்சு தெளிவாக விழுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை சொல்ல எனக்குத் தெம்பு இருக்குமா தெரியாது.

என்னை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னது இதற்காக இல்லை என்பது எனக்கும் தெரியும். இறந்தவரின் சொந்தம் ஒருவர் உடலைப் பார்த்து, ஆமாம் இவர்தான் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி மனைவிக்கு ஒன்பதாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது அக்கா. நான் இரண்டு நாள் சாக்குச் சொல்லிப் பார்த்தேன், நீங்கள் விடவில்லை. ஐந்து நிமிட வேலைதான் என்றீர்கள். நானும் அந்த நடைவழிக் கோடியில் இருக்கும் கதவுவரை வந்தேன். கான்ஸ்டபிள் கைப்பிடியில் கை வைத்தபோதுதான், இது விபத்து இல்லை, நான்தான் செய்தேன், உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

நான் தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவள். 'மறுகரைக் கப்பல்' ஆறு வருடமாக ஓடுகிறது. உங்கள் வீட்டில் பார்க்காவிட்டாலும் பக்கத்து வீட்டில் பார்த்திருப்பார்கள். விண்வெளி, மந்திரக்காரிகள், பேசும் இயந்திரங்கள், எல்லாம் கலந்த கதை. படித்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஏழரைக்கு அவர்கள் வீட்டிலும் சத்தம் கேட்கும்.

அதன் கேப்டனை நான் மூன்று தடவை கொன்றிருக்கிறேன். இரண்டாம் பருவத்தில், அதாவது இரண்டாம் சீசனில், சூரியனுக்குள் விழுந்தான். கண்ணாடிக் கிரகம் வழியாக வெளியே வந்தான். மூன்றாம் பருவத்தில் பனிமூட்டத்து ராணி விஷம் வைத்தாள்; முந்நூறு வருடம் தூங்கி எழுந்தான். ஐந்தாவதில் கப்பலோடு வெடித்துச் சிதறினான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம். நாங்கள் உட்கார்ந்து எழுதும் அறையில், வெள்ளைப் பலகையின் மேல் ஓரத்தில், அழியாத மையில் ஒரே ஒரு விதி எழுதியிருக்கும்: உடலைக் காட்டாதே. தீயைக் காட்டு, வெடிப்பைக் காட்டு, அழுகிறவர்களைக் காட்டு. உடலைக் காட்டாத வரைக்கும் ஆளைத் திரும்பக் கொண்டுவர நூறு வழி இருக்கிறது. காட்டிவிட்டால் ஒரு வழியும் இல்லை. பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அந்த விதியை எழுதியது நான்தான்.

கேப்டனாக நடித்தவன் என் தம்பி.

எனக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. அவன் வளர்ந்து செல்போன் கடையில் விற்பனையாளனாக நின்றுகொண்டிருந்தான். நான்தான் இழுத்து வந்து கேமரா முன்னால் நிறுத்தினேன். நடிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பான். ஆனால் நான் எழுதியதைப் பேசினால் மட்டும் ஊரே வாயைப் பிளந்து பார்க்கும். ஏனென்றால் அந்தக் கேப்டன் அவனேதான். சிறுவயதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அலைந்தானே, அவன். என்றாவது ஒருநாள் இவன் இப்படி வளர்ந்து நிற்பான் என்று நான் நினைத்தேனே, அவன்.

கதையில் கேப்டனுக்கு ஓர் அக்கா உண்டு. வெளிச்சமே இல்லாத ஒரு கிரகத்தில் தனியாக இருக்கிறாள். அவளைத் திரையில் காட்டியதே இல்லை, வானொலியில் குரல் மட்டும் வரும். அந்தக் குரல் என்னுடையது. ஒவ்வொரு வாரமும் கடைசியில் அவன் ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய், "வந்துட்டே இருக்கேன் அக்கா" என்பான். வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்கும்போது நான் "வாடா" என்று சத்தமாகப் பதில் சொல்வேன். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அடுத்த வெள்ளிக்கிழமைவரை ஓட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

நிஜத் தம்பியும் போனில் அதே வரியைச் சொல்வான். "வந்துட்டே இருக்கேன் அக்கா." வரமாட்டான். கல்யாணம் ஆன பிறகு இரண்டு வருடத்தில் என் வீட்டு வாசலை அவன் மிதித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் கல்யாணத்துக்கு முன்னால் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒப்பனை அறையில் அவன் விஷயத்தைச் சொன்னான். நெற்றியில் ஒட்டிய காயத்தை ஒப்பனைக்காரர் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் பருவத்தோட கேப்டனைக் கொன்னுடு. நாங்க ஊர் மாறிப் போறோம். கொழந்தை பொறக்கப் போகுது."

"கொன்னா என்னடா, அடுத்த பருவத்துல வந்துடுவான்."

"அதான் வேணாங்கறேன். பொணத்தைக் காட்டு. மூஞ்சியைக் கிட்டக்க காட்டு. அப்பத்தான் என்னை விடுவாங்க."

அவன் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்: "நீ என்கிட்ட பேசறதே இல்லக்கா. அவன்கிட்டதான் பேசற."

வளர்த்த அக்காவிடம் சொல்கிற வார்த்தையா இது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை. சரிடா, எழுதித் தருகிறேன் என்றேன்.

உட்கார்ந்து எழுதவும் செய்தேன் சார், அதை நீங்கள் நம்ப வேண்டும். பதினொரு தடவை எழுதினேன். பதினொரு தடவையும் கடைசிப் பக்கத்தில் எப்படியாவது பிழைத்துக்கொண்டான். ஒருமுறை அவன் முகத்தைத் துணியால் மூடுவதுவரை எழுதிவிட்டேன். ஐந்தாவது வரியில் துணி அசைந்தது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, கை அப்படித்தான் போனது. சேனல் மேனேஜர் வேறு, கேப்டன் செத்தால் தொடரை மூடிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். வேறொருவரைப் போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது: இந்த நடிகர் உயிரோடு உள்ளவரை அந்த வேடத்தை வேறு யாரும் ஏற்கக் கூடாது. முதல் வருடம் நானே சண்டை போட்டுச் சேர்த்த வரி அது. தம்பியின் இடத்தை நாளைக்கு எவனும் தட்டிப் பறித்துவிடக் கூடாது என்று.

அன்று வீட்டுக்குப் போய் எவ்வளவு நேரம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன் என்று தெரியாது. தம்பி போனால் கேப்டன் போய்விடுவான். அவன் எங்கோ ஓர் ஊரில் சௌக்கியமாக இருப்பான், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிவான், என் கேப்டன் மட்டும் செத்துக் கிடப்பான். இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலைமை. பயந்துபோனேன் சார். அவ்வளவு பயம் அம்மா செத்தபோதுகூட வந்ததில்லை.

இனி எப்படிச் செய்தேன் என்பது.

விண்வெளியில் மிதக்கும் காட்சிகளைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் எடுப்போம். பதினாறு அடி ஆழத் தொட்டி. கேப்டனின் தலைக்கவசம் வெளியிலிருந்து பூட்டுகிற மாதிரி, போட்டுக்கொண்டவனால் கழற்ற முடியாது. முதுகில் காற்றுக் குப்பி. அதன் திருகு பிடரிக்குக் கீழே இருக்கும், கை எட்டாது. ஆபத்து என்றால் உள்ளங்கையால் கவசத்தை மூன்று தடவை தட்ட வேண்டும். பாதுகாப்புக்காகத் தண்ணீருக்குள் நிற்கும் முக்குளிப்பவர் உடனே மேலே தூக்கிவிடுவார். அவரைத் தவளை என்று கூப்பிடுவோம். இந்த ஆறு வருடத்தில் தம்பி இரண்டு தடவை தட்டியிருக்கிறான். இரண்டு தடவையும் மூச்சு விடும் நேரத்தில் தூக்கிவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி நேரத்தில் காட்சி மாறினால் மாறிய பக்கத்தை மட்டும் ரோஸ் தாளில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுப்போம். ரோஸ் தாள் வந்துவிட்டால் பழைய பக்கம் செல்லாது. அன்று காலை நான் கொடுத்த ரோஸ் தாளில் இரண்டு விஷயங்கள் இருந்தன. கேப்டன் காற்றில்லாமல் தவித்துத் தன் கவசத்தை மூன்று முறை தட்டுகிறான், மறுபடி மறுபடி தட்டுகிறான் என்பது ஒன்று. அதனால் இன்றைக்கு மட்டும் நிஜமான ஆபத்துக்கு அடையாளம் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே பிடிப்பது என்பது இன்னொன்று.

தவளை தாளைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார். "தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?"

"ஹெல்மெட் மாட்டும்போது சொல்லிடறேன்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தம்பி ஒருநாளும் தாளைப் படித்ததில்லை. அக்கா மாட்டினால்தான் இறங்குவேன் என்பான். கவசத்தைப் பூட்டும்போது நான் காதில் சொல்வதுதான் அவனுக்கு ஸ்கிரிப்ட்.

அன்றும் நான்தான் பூட்டினேன். "இன்னிக்கு ஒண்ணும் பெருசா இல்லடா, சும்மா மிதந்தா போதும்" என்றேன். பிறகு முதுகுப் பக்கம் போய்த் திருகை முக்கால் சுற்று மூடினேன். கையால் செய்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எழுதியது.

தொட்டிக்குள் ஒரு ஸ்பீக்கர் உண்டு. கண்ணாடிச் சாளரத்துக்கு இந்தப் பக்கம் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து நான் அக்காவின் வசனத்தைப் பேசுவேன், அவனுக்கு உள்ளே கேட்கும். முதல் இரண்டு நிமிடம் நன்றாக மிதந்தான். பிறகு தட்டினான். முதலில் மூன்று. தவளை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மூன்று. அதற்கப்புறம் அவன் எண்ணவில்லை. டைரக்டர் என் தோளைத் தொட்டு, "இத்தன வருஷத்துல இவன் இப்படி நடிச்சதே இல்ல" என்று கிசுகிசுத்தார். தவளைக்கு என்னவோ போல இருந்திருக்க வேண்டும். சாளரத்தைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார், சரிதானே என்று கேட்பதற்கு. நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

வசனத்தை நான் நிறுத்தவில்லை. "அவசரப்படாதே. மெதுவா வா. நான் எங்கேயும் போகல" என்பதுதான் அந்தப் பக்கத்தில் இருந்தது. அதைச் சொன்னபோது அவன் தட்டுவதை விட்டுவிட்டு ஸ்பீக்கர் இருந்த பக்கம் திரும்பினான். இரண்டு கைகளையும் நீட்டினான். அவன் என்னிடம் வரத்தான் பார்த்தான் சார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக நிஜமாகவே வரப் பார்த்தான். அதை நினைத்துக்கொண்டுதான் இந்த இரண்டு நாளும் தூங்க முடிந்தது.

மேலே தூக்கியபோது எல்லோரும் ஓடினார்கள். நான் ஒலிப்பதிவு அறையை விட்டு வெளியே வரவில்லை. சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அதிர்ச்சி என்று நினைத்து யாரோ போர்வை போர்த்திவிட்டார்கள்.

நேற்று அடுத்த பகுதியை எழுதி முடித்தேன். கேப்டனின் நினைவுகள் ஒரு காவல் வீரனின் உடலுக்குள் போய்ச் சேர்கின்றன. வேறு முகம், வேறு குரல், ஆனால் அவனேதான். மேனேஜர் படித்துவிட்டு அழுதார், ஒப்புக்கொண்டார். புதுப் பையனும் வந்து பார்த்தான், மரியாதையான பிள்ளை. "நீங்களே ஹெல்மெட் மாட்டி விடுவீங்களாமே அக்கா" என்று கேட்டான். அந்தக் காகிதக் கட்டு என் பையில் இருக்கிறது. அதை மட்டும் அவர்களிடம் சேர்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஏழரைக்குச் சிறையில் டிவி வைப்பார்களா என்பதையும் விசாரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தம்பி மனைவிக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் தப்பாக எடுத்துக்கொள்வாள்.

இப்போது கேட்கிறேன் சார். குற்றத்தை ஒப்புக்கொண்டவளை யாரும் அடையாளம் காட்டச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? இந்த வாக்குமூலத்தில் எத்தனை பக்கம் இருந்தாலும் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன், இன்னும் எதையாவது சேர்க்க வேண்டும் என்றாலும் சேருங்கள். அந்த இன்னொரு தாளை மட்டும் என் முன்னால் வைக்காதீர்கள். அந்தக் கதவைத் திறக்க வேண்டாம். உடலைப் பார்த்துவிட்டால் அப்புறம் என்னாலேயே அவனைத் திரும்பக் கொண்டுவர முடியாது.