நாற்பது நிமிஷம்

– கொஞ்சம் எழுந்திரு தங்கச்சி. உன் மெஷின் ஒண்ணுதான் பாக்கி.

– எனக்கு வேண்டாம் அண்ணே. இது நல்லாத்தான் ஓடுது.

– எது, இதுவா? எழுதின புரோகிராமைச் சேர்த்துக் கட்ட ஒரு பில்டு போட்டா நாற்பது நிமிஷம். கட்டை வண்டிகூட முந்திக்கிட்டுப் போயிடும்.

– பழகிப்போச்சு.

– இதோ பாரு. நீ பில்டு போட்டதும் பத்தாயிரம் குட்டிக் குட்டி ஃபைல் பிறக்குது. ஆன்டிவைரஸ் ஒவ்வொண்ணையும் நிறுத்தி, மடியை அவிழ்த்துப் பார்த்துட்டுத்தான் விடுது. வீட்டு ஆளையே வாசல்ல வச்சுச் சோதனை போடுற மாதிரி. அந்த ஃபைல் விழுற ஒரு ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸ் தொடாத விலக்குப் பட்டியல்ல சேர்த்துட்டா ஆறே நிமிஷம்.

– அதுக்குள்ள வைரஸ் பூந்துட்டா?

– எல்லாத்தையுமா திறந்துவிடப் போறேன்? டவுன்லோடு ஃபோல்டர் பக்கமே போகமாட்டேன். நீ எழுதி நீயே உண்டாக்குற ஃபைல் விழுற இடம் மட்டும்தான். அதையும் வாரம் ஒரு தடவை நானே தனியா சலிச்சுப் பார்த்துடுவேன். மத்தவங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க, நீ மட்டும் முரண்டு பிடிக்கிறே.

– மணி ஒண்ணு ஆகப்போகுதே, சர்வர் ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்திக்கிற நேரமாச்சே உங்களுக்கு. அந்த சர்வர் என்ன உங்க ரெண்டாந்தாரமா?

– பேச்சை மாத்தாதே. மேனேஜர் உத்தரவு. சாயங்காலத்துக்குள்ள பதினெட்டு மெஷினும் முடியணும்.

– பதினேழு முடிஞ்சுதுல்ல. போதாதா?

– என்ன தங்கச்சி, கண்ணு கலங்குது?

– ஒண்ணுமில்லை... நான் வேலைக்குத் திரும்பி மூணு வாரம் ஆச்சா?

– ஆச்சு. பிள்ளைக்கு நாலு மாசம் இருக்குமா?

– நாலரை. திரையில பில்டு ஓடிக்கிட்டு இருந்தா இங்க ஒருத்தரும் எங்கே போனேன்னு கேட்கமாட்டாங்க. காலையில ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு. அந்த நாற்பது நிமிஷத்துலதான் பாலை எடுத்துப் புட்டியில அடைச்சுட்டு வர்றேன்.

– எங்கே வச்சு?

– உடைஞ்ச நாற்காலி எல்லாம் போட்டு வச்சிருக்காங்களே, அந்த அறையில. தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலை நீட்டிக் கதவை முட்டுக் கொடுத்துக்குவேன்.

– அடப் பாவமே! மேனேஜர்கிட்ட வாய் திறந்து கேட்டா என்ன?

– கேட்டேன். "வேலை இல்லாத நேரமாப் பார்த்துப் போம்மா"ன்னார். பில்டு ஓடுறப்போதானே எனக்கு வேலை இல்லை? அதையும் நீங்க ஆறு நிமிஷமாக்க வந்து நிக்கிறீங்க. புட்டி பத்தலைன்னா பிள்ளை தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுவுது அண்ணே.

– சரி. கீபோர்டை இப்படித் தள்ளு.

– அண்ணே!

– உத்தரவு உத்தரவுதான், போடத்தான் போறேன். நீ இதைப் பிடி.

– இது சர்வர் ரூம் சாவியில்ல?

– உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. நல்ல நாற்காலி இருக்கு. புட்டியை வைக்க மூலையில ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருக்கு. பேக்கப் பார்க்க தினம் ரெண்டு வேளை உன் ஒத்தாசை வேணும்னு நான் எழுதிக் கொடுத்துடுறேன். மத்தியானம் ஒரு மணிக்கு மட்டும் அறையை எனக்கு விட்டுடு.

– சர்வர் ரூம்ல ஃபிரிட்ஜ் எதுக்கு அண்ணே?

– ஏழு வருஷமா என் இன்சுலின் அதுக்குள்ளதான் இருக்கு தங்கச்சி. அதுவும் மேனேஜருக்குத் தெரியாது.