டொக்டர் பார்க்காத இடம்

தலைக்கு ஸ்காஃப் குத்துவது எனக்குக் கைவந்த வேலை, சேர். எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் அரைவாசிப் பெண்கள் என் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். நான்கு ஊசி போதும். கல்முனைக் கடற்கரைக் காற்றுக்கே அசையாது.

வலைப்பந்து பழக்குகிற சிபானா டீச்சரை மூன்று மாதமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை, தலையிடி என்று சொல்லியும், விளையாட விட்டார் என்பது குற்றச்சாட்டு. அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தேத்தண்ணி வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

என் மூத்த மகள் ஸம்றாவுக்குப் பதினைந்து வயது. வலைப்பந்தில் கோல் போடுகிறவள். வலயப் போட்டியின் கடைசி நிமிடத்தில் ஒருத்தியோடு மோதி, பின்மண்டை சீமெந்துத் தரையில் அடிபட விழுந்தாள். விழுந்துகொண்டே போட்ட கோலில்தான் நாங்கள் வென்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். பஸ்ஸில் யார்தான் வாந்தி எடுப்பதில்லை?

டீச்சர் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார். "றிஸ்னா ராத்தா, டொக்டர்ட காயிதம் இல்லாம இவள மாகாணப் போட்டிக்குத் திருகோணமலைக்குக் கூட்டிப் போகமாட்டன். ஆரு வந்து கேட்டாலும் மாட்டன்."

முதலில் ஒரு பெண் டொக்டரிடம் காட்டினேன். ஸ்காஃபைக் கழற்றச் சொல்லி, வீக்கத்தைத் தடவிப் பார்த்தார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். ஸம்றா ஓகஸ்டில் நின்றுவிட்டாள். "மூளை குலுங்கியிருக்கு. மூணு கிழமைக்கு விளையாடவே கூடாது. இதுக்கு மேல இன்னொரு அடி பட்டா உயிருக்கும் பயம்" என்று சொல்லி, அதையே எழுதியும் தந்தார். அழகான கையெழுத்து. மாகாணப் போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது.

இங்கே என் மதினி பஸ்மினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கல்யாண வீட்டில், முப்பது பேர் நடுவில் வைத்துக் கேட்டாள்.

"கால்சட்ட போட்டு ஓடுற பொம்புளப் புள்ளைக்கி எந்த ஊருல மாப்புள பாக்கப் போறாய்கா?"

"மாகாணத்துல வெண்டா பேப்பர்ல படம் வரும். அதக் காட்டிப் பாப்பம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், என் பக்கம் நின்று. அப்படிச் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா?

எங்கள் பக்கத்து டிஸ்பென்சரி ஒன்றில் வயதான டொக்டர் ஒருவர் இருக்கிறார். மரியாதையானவர். எங்கள் பெண்களிடம் ஸ்காஃபைக் கழற்று என்று ஒருநாளும் சொல்லமாட்டார். அதற்காகவே ஊரில் நல்ல பெயர். நானும் அதற்காகவே போனேன். வீக்கத்துக்கு மேல் துணியை இரண்டு மடிப்பாக மடித்து, வெளியே தெரியாமல் குத்திவிட்டேன். ஸம்றாவின் முழங்காலைக் காட்டினேன். முழங்காலில் ஒன்றுமில்லை, சேர். ஆகவே, விளையாடலாம் என்று அவர் எழுதியதில் பொய்யுமில்லை. டீச்சர் அந்தக் காயிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

போட்டியன்று காலையில் ஸம்றா கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள்.

"உம்மா, வெளிச்சம் குத்துது. எனக்கு ஏலாது."

"பயத்துல அப்பிடித்தான் மகள் இருக்கும்."

"டீச்சருக்கிட்டச் சொல்லட்டா?"

"சொல்லு. எல்லாப் புள்ளயளும் உன்னாலதான் தோத்து வீட்ட போகும். சொல்லு போ."

சொல்லவில்லை. பெற்றவள் பேச்சைக் கேட்கிற பிள்ளை.

மூன்றாவது சுற்றில் ஒருத்தியின் முழங்கை பட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கத்தக்கூட இல்லை, அவ்வளவு சின்ன இடி. ஸம்றா முதலில் உட்கார்ந்தாள். பிறகு, வீட்டில் படுப்பதைப் போல, பக்கவாட்டில் படுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒருவர் கேட்டார், பிள்ளைக்குத் தலையிடி இருந்ததை யாரிடமாவது சொன்னீர்களா என்று. "டீச்சருக்குச் சொன்னன். அவ கேக்கல்ல" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. டீச்சர் பக்கத்தில்தான் நின்றார். ஸம்றாவின் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஸம்றா இப்போது வீட்டில்தான். ஒரு பிடி சோறு வாயில் தீத்த அரை மணித்தியாலம் ஆகிறது. சில நாள் என்னை உம்மா என்கிறாள், சில நாள் டீச்சர் என்கிறாள். நடக்கமாட்டாள் என்கிறார்கள். பஸ்மினா கிழமைக்கு இரண்டு தரம் வந்து துணி துவைத்துத் தருகிறாள். அவளும் மோசமான ஆளில்லை.

இதுதான் அந்தப் பெண் டொக்டர் தந்த காயிதம். நான் கிழிக்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்று கேட்கலாமா, சேர்? டீச்சரை இந்த மாதத்துக்குள் வேலையில் எடுத்துவிடுவீர்களா? என் சின்னவள் சுஹறாவுக்குப் பன்னிரண்டு வயது. மூத்தவளைவிட உயரம். வலயப் போட்டிக்கு அடுத்த மாதம் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறார்கள். சிபானா டீச்சர் கண்டிப்பானவர், எதையும் இரண்டு தரம் கேட்பவர். அவர் கையில் விட்டால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.