நான்கு திசைக்கும் புல்

தோட்ட வேலையில் எனக்கு ஒருநாளும் நாட்டம் இருந்ததில்லை. பின்வளவில் புல் பிடுங்கியதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. உங்கள் பொலிஸ் படிப்பில் அதெல்லாம் வராது என்பதால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

கலிபோர்னியா ஒருகாலத்தில் மெக்சிக்கோவின் கையில் இருந்தது. ஆளுநர், யாரோ ஒருவனுக்கு மாட்டுப்பண்ணை வைக்க நிலம் கொடுத்தால், பத்திரத்தோடு காரியம் முடியாது. அவன் அங்கே குடியிருக்க வேண்டும். அயலவரைக் கூப்பிட்டு, அவர்கள் பார்த்திருக்க, புல்லைப் பிடுங்கி நான்கு திசைக்கும் எறிய வேண்டும். மறுப்பவன் அந்த இடத்திலேயே மறுக்க வேண்டும். அப்படிப் பெற்ற ஒரு பண்ணையின் வரலாற்றைத்தான் இங்கே கனடாவில், ஸ்ரௌவ்வில் வீட்டின் கீழ்த்தள பேஸ்மென்ரில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

வீடு என் தங்கை எமில்டாவின் கணவர் ஜூலியஸுடையது. அவள் இறந்த பின்பும் என்னை இருக்க விட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே வரலாறு வீட்டு விலை ஏறிய வரலாறு.

"மச்சான், வீட்டை விக்கப்போறன். மில்லிக்கன் பக்கம் ஒரு அறை பாருங்கோ."

குடியிருப்பவனுக்கே நிலம் என்று விளக்கினேன். சிரித்தார்.

"உது ஆரோ மெக்சிக்கோக்காறன்ர மாட்டுப்பட்டிக் கதை. உங்களுக்கென்ன விசரே?"

விஷயம் தெரியாதவரோடு வாதாடுவது எனக்குப் பிடிக்காது. கராஜில் மண்வெட்டி சாத்தியிருந்தது. சிரிப்பு நின்றது. மிச்ச வேலைக்கும் அதே மண்வெட்டிதான். வேலியோரம் மரவேர்கள் தடுத்ததால் நடுவளவில் வைத்து, மேலே கடையில் வாங்கிய புல்லை விரித்தேன். கேட்டவர்களிடம், ஜூலியஸ் ஊருக்கு, மன்னாருக்குப் போய்விட்டார் என்று சொன்னேன். நம் சனங்கள், அவர் வீட்டை என்ன விலைக்குக் கொடுக்கப்போகிறார் என்றுதான் விசாரித்தார்கள்.

பிறகு சடங்கு. அயலவர் இல்லாமல் செய்தால் செல்லாது. அதனால் பக்கத்து வீட்டுக் கமலாம்பிகையையும் புருஷனையும் நானே கூப்பிட்டேன். வளவின் நடுவில் நின்று குனிந்து புல்லைப் பிடித்தேன். வேர் பிடிக்காத புல், பாய் மாதிரி எழும்பி வந்தது. பிய்த்து நான்கு திசைக்கும் எறிந்தேன்.

"அண்ணை, உந்த இடத்தில மட்டும் ஏன் புல்லு புதுசு?" என்று கமலாம்பிகை கேட்டா.

அது கேள்வி. மறுப்பு அல்ல. வீட்டுக்குப் போய்த்தான் உங்களுக்குப் போன் எடுத்திருக்கிறா. சட்டப்படி அது பிந்திவிட்டது.

ஆகவே, ஜூலியஸைக் கொன்றது நான்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவருடைய வளவில் புதைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத் திருத்துங்கள். வளவு என்னுடையது. அவர் அங்கே கிடப்பது என் தயவில்.