பிடிக்கும் வேறு, வேணும் வேறு

குடிநோய் சிகிச்சைப் பிரிவின் தலைமை மருத்துவராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் எங்கள் டாக்டரம்மா அவர்களுக்கு, பிரிவின் பணியாளர்கள் அனைவரும் ஒரு குரலாக வாசித்தளிக்கும் மடல்

மண்டைக்குள் நடக்கும் மாயத்தை மளிகைக் கடைக்காரருக்கும் விளங்கும் மொழியில் சொன்ன மாண்புடையவரே! நடுங்கும் கைகளைப் பற்றிக்கொண்டே நரம்புகளின் கதையை நயமாக எடுத்துரைத்தவரே! லிஃப்ட்டுக்குள் தொடங்கிய விளக்கம் முடிவதற்குள் அதை மூன்று முறை மேலும் கீழும் போய்வர வைத்தவரே! நோயாளிகள் உங்களுக்குச் சூட்டிய பெயரால் இன்று நாங்களும் அழைக்கிறோம், பொறுத்தருள்க: எங்கள் ‘ரெண்டு கேள்வி’ டாக்டரே! வணக்கம்.

நீங்கள் பொறுப்பேற்றபோது இந்தப் பிரிவில் கட்டில்கள் இருந்தன, மருந்துகள் இருந்தன, அறிவுரைகள் தேவைக்கு அதிகமாகவே இருந்தன. இல்லாதது ஒரு பார்தான். இரண்டாம் மாடியின் கோடி அறையில் அதையும் கட்ட வைத்தீர்கள். உயரமான முக்காலிகள், நீண்ட மேடை, மங்கிய மஞ்சள் விளக்கு, வரிசையாகப் பாட்டில்கள், ஐஸ் கட்டிகள் கண்ணாடியில் மோதும் ஓசை என ஒன்றையும் விடவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி வாசலிலேயே திகைத்து நின்று, “என்னங்க இது, ஆஸ்பத்திரிக்குள்ள பாரா?” என்று கேட்டார். “ஆமா சார், ஆனா குடிக்கத்தான் கிடைக்காது. உள்ள வந்து உக்காருங்க” என்றீர்கள். உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

அவருக்கு நீங்கள் சொன்னதைத்தான் எங்களுக்கும் சொன்னீர்கள். வார்டில் குடிக்காமல் இருப்பது பெரிய காரியம் இல்லை, ஏனென்றால் வார்டில் குடியை நினைவூட்ட எதுவும் இல்லை. மூளையோ இடத்தையும் வெளிச்சத்தையும் ஓசையையும் சேர்த்தே படித்து வைத்திருக்கிறது. தெளிந்த மனிதர் வீட்டுக்குக் கிளம்புகிறார், தெருமுனையில் ஒரு மூடி திறக்கும் சத்தம் கேட்கிறது, எல்லாம் போயிற்று. அந்தச் சத்தத்தை முதன்முதலில் துணைக்கு ஆள் இருக்கும் இடத்தில் கேட்கட்டும் என்றீர்கள்.

அந்த அறையில்தான் உங்கள் இரண்டு கேள்விகளும் பிறந்தன. பாட்டிலைத் திறந்து, மூக்குக்கு எட்டும் தூரத்தில், கைக்கு எட்டாத தூரத்தில் வைப்பீர்கள். “எவ்வளவு பிடிக்குது? பத்துக்கு மார்க் போடுங்க. இப்ப எவ்வளவு வேணும்? அதுக்கும் போடுங்க.” ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறீர்கள் என்று நினைத்து, எங்கள் செவிலியர் ஒருவர் முதல் மார்க்கையே இரண்டாவது கட்டத்திலும் நிரப்பிக்கொண்டிருந்தார். நீங்கள் கோபப்படவில்லை. எங்கள் எல்லோரையும் அந்த முக்காலிகளில் ஏற்றி உட்கார வைத்தீர்கள்.

பிடிப்பதும் வேண்டுவதும் மூளைக்குள் தனித்தனி வேலைகள் என்று அன்றுதான் அறிந்தோம். மூளையின் கோடானுகோடி நரம்பணுக்களில் சில லட்சம் மட்டும் நடுமூளையில் ஒதுங்கி உட்கார்ந்து, டோபமின் என்ற பொருளை மேலே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அது இன்பம் தரும் பொருள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். “இன்பத்துக்கு வேற ஏற்பாடு இருக்கு. இதோட பெரிய வேலை, ‘அதோ இருக்கு, போ, விடாதே’ன்னு பிடிச்சுத் தள்ளுறது” என்றீர்கள். குடிக்கக் குடிக்க இன்பம் மழுங்கிப்போகிறது, தள்ளும் பாதையோ கூர்மையாகிறது. ஒரு குடும்பத்தையே கவிழ்க்கிற விசை அந்தச் சின்னஞ்சிறு அணுக்கூட்டத்திலிருந்து கிளம்புகிறது என்றும் சொன்னீர்கள்.

பிறகு நீங்கள் சொன்னது எந்தப் பாடத்திலும் நாங்கள் படிக்காதது. “‘நான் வேணும்’னு நாம சொல்றதில்ல, ‘எனக்கு வேணும்’னுதான் சொல்றோம். அதாவது, அது நம்மகிட்ட வருது. ஆனா ‘நான் குடிக்கிறேன்’ங்கும்போது அங்க ‘நான்’ வந்துடுது. ‘எனக்கு’க்கும் ‘நானு’க்கும் நடுவுல ஒரு சின்ன இடம் இருக்குல்ல? நமக்குச் சம்பளமே அந்த இடத்துல நிக்கிறதுக்குத்தான்.”

அந்த இடத்தை நாங்கள் கண்ணால் கண்ட நாள் ஒன்று உண்டு. ஒரு கிரேன் ஓட்டுநர் மூன்றாம் முறையாக இங்கே சேர்ந்திருந்தார். அவர் மனைவி, ஆயத்த ஆடை ஆலையில் மேற்பார்வையாளர், அன்று பார்க்க வரவில்லை; சொல்லிவிட்டுப் போக வந்தார். மகளோடு அண்ணன் வீட்டுக்கே போய்விடுவதாக முடிவு. கீழே அண்ணனின் வண்டியில் பெட்டிகள் ஏறியிருந்தன. வீட்டில் உடைந்தவற்றை அவர் எப்படியோ தாங்கிவிட்டார். ஒரு பாட்டிலிடம் தோற்றுப்போனதைத்தான் தாங்க முடியவில்லை. “பிடிச்சுத்தானே டாக்டர் குடிக்கிறாரு? என்னையும் பொண்ணையும் விட அது பிடிச்சிருக்கு. இதுல பேச என்ன இருக்கு?”

நீங்கள் கணவரின் சம்மதம் கேட்டு, இருவரையும் மாடிக்கு அழைத்துப் போனீர்கள்.

பாட்டில் திறந்தது. எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டீர்கள். “நாத்தம். சைபர் போடுங்க” என்றார் ஓட்டுநர்.

“ஆகா, என்ன நடிப்பு!” என்றார் மனைவி.

எவ்வளவு வேணும் என்று கேட்டீர்கள். ஓட்டுநரின் வலது கை மேடைமேல் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, பிடித்து இழுத்துத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. “பத்துக்கு மேல போட இடம் இருக்கா டாக்டர்?”

மனைவி அந்த முகத்தையே பார்த்திருந்தார். பிடித்த ஒன்று எதிரே வந்தால் அந்த முகம் எப்படி மலரும் என்பது அவருக்கு அத்துப்படி. மகள் வாய் ஓயாமல் கதை அளக்கும்போது பார்த்திருக்கிறார். அது இது இல்லை. இது யாரோ சட்டையைப் பிடித்து இழுத்துப்போகிற மனிதனின் முகம்.

“பிடிக்காததையா இத்தனை வருஷம் குடிச்சீங்க?”

“எனக்கே இப்பத்தான் தெரியுது.”

மனைவி சட்டென்று உங்கள் பக்கம் திரும்பினார். “அப்ப இவர் மேல தப்பே இல்லங்கிறீங்களா?”

“அப்படிச் சொல்லலம்மா. ஏன் நடக்குதுன்னுதான் காட்டினேன். உங்களுக்கு நடந்தது நடந்ததுதான். மன்னிக்கிறதையெல்லாம் நான் மருந்துச் சீட்டுல எழுத முடியாது.”

அவர் போனை எடுத்தார். “அண்ணா, நீ போய் ஒரு டீ குடிச்சுட்டு வா. எனக்கு இங்க கேக்க வேண்டியது நிறைய இருக்கு.” அந்த டீ சாயங்காலம் வரை நீண்டது. பெட்டிகள் அதே வண்டியில் வீட்டுக்கே திரும்பின.

விளக்கம் கிடைத்ததும் நோய் ஓடிவிடவில்லை, உண்மையை மறைப்பானேன்! ஓட்டுநர் பிறகும் ஒரு முறை தவறினார். அடுத்த முறை அந்த விசை வந்தபோது, கடைவாசலில் நின்றபடி மனைவிக்குப் போன் செய்து, “வேணும்னு வந்துடுச்சு, நீ வரியா?” என்று கேட்டார். அவர் தையல் வரிசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். மூளைக்குள் ஒரு மயிரிழை அளவே இருந்த இடம், இரண்டு பேர் நிற்கும் அளவுக்கு அகலமாகிவிட்டதே! இதைவிடப் பெரிய அதிசயம் எதையும் நாங்கள் இங்கே பார்த்ததில்லை.

பெருந்தகையீர்! ஆறிப்போகாத தேநீரும், அவசரமில்லாத காலையும், கேள்வி கேட்டுத் தொல்லை செய்யும் பேரப்பிள்ளைகளும், நோயறியாத நெடுநாளும் தங்களுக்கு வாய்க்கட்டும். தங்கள் முக்காலியில் இனி எங்களில் ஒருவர் உட்காருவார். கால் எட்டுகிறதா என்று அவ்வப்போது வந்து பாருங்கள்.

ஒரு வரி மட்டும் மிச்சம். அது எங்களுடையது அன்று. கடைசி வரிசையில் கணவரோடும் மகளோடும் அமர்ந்திருக்கும் அந்த அம்மையாரிடம், அவர் சார்பில் என்ன எழுதலாம் என்று கேட்டோம். அவர் சொன்னார்: “மன்னிச்சுட்டேன்னு எழுதிடாதீங்க, இன்னும் இல்ல. கூட இருக்கேன்னு எழுதுங்க.”

எழுதிவிட்டோம்.

இங்ஙனம்,
தங்கள் கை பிடித்து வளர்ந்த
மருத்துவர்கள், செவிலியர், ஆலோசகர்கள், பிரிவின் உதவியாளர்கள்