உள்ளறைக்குப் புகை போட்ட நாள்

எழுதப் பென்சில் கிடைக்குமா என்று கேட்டேன். இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் பேனாதான் இருந்தது. எங்கள் நூலகப் பிரிவில் பேனா மைக்கு அனுமதியில்லை, அதனால் கேட்டேன். பல்கலைக்கழக நூலகத்தின் அரிய நூல் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். வாசகர் பையை வெளியே வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வரவேண்டும். அலமாரிகள் இருக்கும் உள்ளறைக்குள் யாரும் நுழையக் கூடாது. கேட்டதை நானே எடுத்துவந்து மேஜையில் வைப்பேன். மாட்டுங்காவிலிருந்து வந்து அந்த அறையைத் திறக்கும்போது கிடைக்கிற நிம்மதி எனக்கு வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

சிராஜ் தாராவியிலிருந்து வந்தான். தோல் வியாபாரியின் பிள்ளை, ஆராய்ச்சி மாணவன். அரபு எழுத்தில் எழுதிய தமிழ்ச் சுவடிகள் சில எங்களிடம் உண்டு. படிக்கத் தெரிந்தவர் இல்லாததால் அட்டவணையில் சேராமல் மூட்டையாகவே கிடந்தன. அவன் சரளமாகப் படித்தான். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினான்.

அருகில் போய்ச் சொன்னேன். "பளக்கதோசம் சார்வாள். இனிமே பாத்துக்கிடுதேன்" என்றான். கொஞ்ச நேரத்தில் விரல் மறுபடி நாக்குக்குப் போனது. அவன் புறப்பட்டதும் மேஜையைத் துடைப்பேன். பிறகு அவன் உட்கார்ந்த நாற்காலியையும் துடைக்கலானேன். எல்லாம் புத்தகங்களின் நன்மைக்காகத்தான்.

ஒருநாள் நேரே டைரக்டரிடம் போய், மூட்டைகளைப் பிரித்து அட்டவணை போட்டுத் தருவதாகச் சொல்லி, உள்ளறைக்கு அனுமதி வாங்கி வந்துவிட்டான். "சம்பளம் ஒண்ணும் வேண்டாம் சார்வாள். படிக்க ஆளில்லாம இதெல்லாம் வீணாப் போயிரக் கூடாதுல்லா" என்றான். கதவைத் திறந்துவிட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு முன்னால் உள்ளறையில் பூச்சிக்குப் புகை போட்டு அடைத்துவிடுவது வழக்கம். விடுமுறை முடிந்துதான் திறப்போம். இடையில் திறந்தால் பூச்சி பிழைத்துக்கொள்ளும். பியூன் கிட்டு மருந்துத் தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு ஊருக்கு ரயிலேறக் கிளம்பிவிட்டான். சிராஜ் கடைசி அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான்.

"சிராஜ், நாழியாயிடுத்து. வெளியில வாங்கோ" என்றேன். நூலகத்தில் குரலை உயர்த்தக் கூடாது; நானும் உயர்த்தவில்லை. அவன் நிமிரவில்லை. விரலை நாக்குக்குக் கொண்டுபோனான். இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினேன். தட்டுகளைச் சூடேற்றும் சுவிட்ச் வெளியே இருந்தது, போட்டேன். போன மாத யுத்தத்தின்போது இருட்டடிப்புக்காக ஜன்னல்களை மறைக்க வாங்கிய கறுப்புக் காகிதம் மிச்சமிருந்தது. அதைக் கிழித்து இடுக்குகளில் ஒட்டினேன்.

ஒட்டி முடிப்பதற்குள் கதவைத் தட்டினான். "சார்வாள், நா உள்ள இருக்கேன்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பிறகு தட்டுவது வேகமானது. பசை காயும்வரை காகிதத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். திறந்திருந்தால் முழு வேலையும் பாழாகியிருக்கும்.

சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு கிளம்பினேன். கிங்ஸ் சர்க்கிளில் என் மனைவி விசாலாக்ஷிக்குப் பூ வாங்கினேன். மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், பட்சணம் சாப்பிட்டேன். அப்போது வருத்தமாக இல்லையா என்று கேட்டீர்கள். இல்லை. மரத்துப்போன காலைக் கிள்ளுவது மாதிரிதான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

விடுமுறை முடிந்து கிட்டு கதவைத் திறந்தபோது சிராஜ் கதவோரம் கிடந்தான். சுவடிகளை மடியில் வைத்துக்கொள்ளாமல் அலமாரியில் திருப்பி வைத்திருந்தான். ஒன்றுக்கும் சேதமில்லை.

நேற்று எங்கள் டைரக்டர் இங்கே வந்து, வாசகர் பதிவேட்டை உங்கள் முன்னாலேயே எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டிக் காட்டினார், பார்த்திருப்பீர்கள். எப்போதும் அவர் அப்படித்தான். அவரிடம் நான் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. சுத்தமான குடும்பத்து மனிதர்.