கதை அல்ல, கதைத்தது

"பொம்மர்! பொம்மர்! விழுந்து படுங்கோ!"

ஓடுகிறேன். எண்பத்தேழு, வைகாசி, பின்னேரம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவில் இரண்டு பங்கர், மண்ணில் வெட்டிய பதுங்குகுழிகள். ஒன்றுக்குள் நான். மற்றதற்குள் தம்பி குணம். விமானம் போய்விட்டது. இனி ஷெல். தூரத்தில் 'டும்'. பிறகு கூவல். பிறகு வெடி. ஒவ்வொன்றும் விழுந்ததும் கத்துகிறேன்.

"குணம், இருக்கிறியோடா?"

"ஓம் அக்கா. நீ தலையை நீட்டாதை!"

அப்படியே கதைத்துக்கொண்டிருந்தோம். அடுத்தது விழுந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. அவனை எடுத்துப் புதைக்கவும் விடவில்லை ஷெல். ஓடினேன்.

லண்டன் அகதி விசாரணையில் இதைத்தான் சொன்னேன். "ஷெல் விழேக்கை தம்பியோட கதைச்சுக்கொண்டிருந்தனான்." மொழிபெயர்த்தவர் மதுரைக்காரர். தங்கமான மனுசன். என் குடியைக் கெடுத்தார். தம்பிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேனாம்! குண்டு விழும்போது யாராவது கதை சொல்வார்களா என்றார் அதிகாரி. நம்பவில்லை. திருப்பி அனுப்ப முடிவாயிற்று.

லண்டனில், வால்தம்ஸ்டோவில் நான் வாடகைக்கு இருந்தது ஹன்னாவின் வீட்டில். பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் இலக்கியம் படிப்பித்தவர். யூதர். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன், சிறுமியாக, ஜெர்மனியிலிருந்து தனியே ரயிலேறி வந்தவர். ஆயிரம் கதைகளை விளக்குவார். தன்னுடையதை மட்டும் வாய் திறக்க மாட்டார். நான் அழுது சொன்னதும் மேசையில் குத்தினார்.

"மடையர்கள்! என் மொழியில் கதைக்கும் நடந்ததற்கும் ஒரே சொல்தான். கெஷிஷ்டெ. வா, நான் சொல்கிறேன்."

மேன்முறையீட்டில் சாட்சிக்கு ஏறினார். முதலில் வாத்தியார் மாதிரிப் பேசினார். நான் விளக்கியிருந்தபடி, யாழ்ப்பாணத்தார் 'கதைக்கிறது' என்றால் பேசுவது, அவ்வளவுதான் என்றார். பிறகு, ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார். ரயில் யன்னலுக்கு வெளியே நின்று அம்மா பேசிக்கொண்டே இருந்தாராம். தொப்பியைக் கழற்றாதே, தொண்டை கட்டும் என்று. ரயில் வெளிக்கிடும்வரை அதே பேச்சு. பக்கத்தில் அப்பாவும் தங்கையும். போர் முடிந்தபோது மூவரும் இல்லை.

"அது கதையா, ஐயா?" என்று நீதிபதியைக் கேட்டார். நான் இருக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அன்று வீட்டுக்கு வந்தும் ஹன்னாவின் கோபம் தணியவில்லை. எனக்கும்தான்.

தொண்ணூற்று மூன்று மாரிக் குளிரில் ஹன்னா செத்துப்போனார். அடக்கத்தில் அவருக்குச் சொந்தம் என்று நான்தான் நின்றேன்.

மறக்காதிருக்க எழுதுகிறேன். ஹன்னா இழந்தது அம்மா, அப்பா, தங்கை. நான் இழந்தது வீடு, தம்பி, இப்போது ஹன்னா. எங்கள் இருவரின் செத்தவர்களில் கல்லறை உள்ளது ஹன்னாவுக்கு மட்டும்தான்.