வெள்ளிலையில் நான்கு காய்கள்

தலைமையேற்றிருக்கும் சூசையப்பன் அவர்களே, சூரியநெல்லி மேல் லயத்துச் சொந்தங்களே, டீ வருமா என்று கடைசி வரிசையிலிருந்து எட்டிப் பார்க்கும் மத்தியாஸ் அண்ணனே, வணக்கம்.

என் மீசையைக் காணோமே என்று பார்க்கிறீர்கள். துக்கத்துக்கு எடுத்ததல்ல. தோற்றதற்கு எடுத்தது.

எஸ்டேட் நாற்றங்காலில் முப்பத்தொரு வருஷம் தேயிலைக் கொம்பு நட்டவர் நம் செடியரசி சுருளியம்மாள். அவருக்கு ‘செடிக்கு மாப்பிள்ளை தேடுற பொம்பளை’ என்று பட்டம் கட்டியது யார்? அடியேன்தான்.

நம் வாசலெல்லாம் நிற்கிறதே வெள்ளிலைச் செடி, அதன் பூ வெள்ளையாக அழகாயிருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

“அது பூ இல்லேண்ணே. புல்லிதழ்ல ஒண்ணு மட்டும் பெருசாகி, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுப் பட்டாம்பூச்சியக் கூப்பிடுது. பூவு நடுவுல இருக்க இத்துனூண்டு ஆரஞ்சு நட்சத்திரம்.”

“அப்ப நம்ம சங்கத்துல என்னைய மாதிரின்னு சொல்லு.”

“நீங்க யாரையும் கூப்பிடக்கூட மாட்டீங்களே.”

அவருக்கு ஒரே கவலை. இவ்வளவு பூத்தும் ஒரு செடிகூடக் காய்க்கவில்லை. ஏன்? ஹேர்பின்னால் பூக்குழலைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தார். வெள்ளிலையில் இரண்டு வகைச் செடி உண்டு. ஒன்றில் சூல்முடி வாசலில் நிற்கும், மகரந்தம் உள்ளே ஒளிந்திருக்கும். மற்றதில் அப்படியே தலைகீழ். ஒன்றின் மகரந்தம் மற்றதற்குப் போனால்தான் காய். நாமோ தேயிலைக்காரர்கள், எதையும் கொம்பு ஒடித்து நட்டே பழகியவர்கள். லயம் முழுக்க ஒரே தாய்ச்செடியின் கொம்பு! மாப்பிள்ளை வீடே இல்லாமல் கல்யாணப் பந்தல் போட்டிருக்கிறோம்.

இரண்டு பஸ் மாறி மாட்டுப்பட்டிப் பக்கம் அலைந்து, ரோட்டோரச் சரிவில் மற்ற வகையைக் கண்டுபிடித்தார். டிபன் பாக்ஸில் பூ கொண்டுவந்து தன் வாசல் செடியில் பூப்பூவாகத் தொட்டு வைத்தார். “இது காய்ச்சா மீசைய எடுக்கேன்” என்றேன்.

போன சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது. செடியரசிக்கு அவர் செடியாலேயே அலங்காரம் என்று கவ்வாத்துக் கத்தியை எடுத்தது யார்? இந்த மேதாவிதான். அவர் வாசல் செடியை மொட்டையடித்துவிட்டேன். சுடுகாட்டில் பாடையை இறக்கும்போதுதான் பார்த்தேன், கொம்பெல்லாம் பச்சைப் பிஞ்சு.

மகன் வினோ அதில் ஒரு கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “மாமா, அம்மா கடைசியா கேட்டது இதத்தான். ‘காய் நின்னுச்சா, போய்ப் பாருடா’ன்னாங்க. நான் போய்ப் பாக்கல.”

தொண்ணூறு கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு மேடேறி ஓடினேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு கிளை சாய்ந்து கிடந்தது. வெட்டும்போது என் தொப்பை அந்தச் சந்துக்குள் நுழையாததால் பிழைத்த கிளை. அதில் நான்கு காய்கள். அன்பர்களே, நான்கு! இன்று காலையும் எண்ணிவிட்டுத்தான் வருகிறேன்.

அவை பழுக்கும். விதையெடுத்து நாற்று விடுவோம். விதை நாற்றில் இரண்டு வகையும் வரும். பிறகு யாரும் டிபன் பாக்ஸோடு பஸ் ஏற வேண்டாம், மற்றதைப் பட்டாம்பூச்சி பார்த்துக்கொள்ளும். அதுவரை அந்தக் கிளைக்கு நான் காவல். இடையில் யார் போனாலும், நானே போனாலும், மாலையைப் பூப்பாறைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுந்து நில்லுங்கள். மௌனம் அப்புறம். அவர் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வினோ, நீ முதலில் சொல்லு, நாங்கள் சேர்ந்துகொள்கிறோம்.

நின்னுச்சு, சுருளி. காய் நின்னுச்சு.